குதிர்களில் எழுந்த முகங்கள்

ஆஸ்திரேலியாவின் கோதுமைச் சமவெளியில் ஒரு கேம்பர் வேன் பயணம்

பிரிம் என்ற ஊரின் பெயரை 2016-க்கு முன்பு ஆஸ்திரேலியர்களிலேயே பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கே, விம்மெரா, மாலீ என்று இரண்டு வட்டாரங்களாக விரிந்து கிடக்கும் கோதுமைச் சமவெளியில், ஹென்டி நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றூர் அது. மக்கள்தொகை மிகவும் குறைவு. தானிய லாரிகளும் வெளியூர்க் கார்களும் நிற்காமல் கடந்துபோன ஊர். தண்டவாளத்தை ஒட்டி 1939-இல் கட்டிய சைலோக்கள், அதாவது கான்கிரீட் தானியக் குதிர்கள், வேலை முடிந்து வெறுமனே நின்றுகொண்டிருந்தன.

2015 கடைசியில் ஊர்க்காரர்கள் சிலர் கூடி, அந்தச் சாம்பல் நிறச் சுவர்களில் ஏதாவது வரைந்தால் என்ன என்று யோசித்தார்கள். மெல்பர்னில் தெரு ஓவியர்களை ஒருங்கிணைக்கும் ஜூடி ரோலர் என்ற அமைப்பை அணுகினார்கள். அதன் வழியாக வந்தவர் கைடோ வான் ஹெல்டன் என்ற ஆஸ்திரேலிய ஓவியர். தூக்கு இயந்திரத்தில் ஏறி, கோடை வெயிலில், ஸ்ப்ரே பெயின்டும் வீட்டுக்கு அடிக்கிற அக்ரிலிக் பெயின்டும் கொண்டு அவர் வரைந்து முடித்தபோது 2016 ஜனவரி ஆகியிருந்தது. மூன்று ஆண்கள், ஒரு பெண். நால்வரும் விவசாயிகள், வெவ்வேறு தலைமுறையினர். சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறார்கள். சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. வானத்தைப் பார்த்தே பழகிய கண்கள். 1990-களின் இறுதியிலிருந்து பத்தாண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதியை வாட்டிய பெரும் வறட்சியைத் தாண்டி வந்தவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

அவர்கள் யார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பெயர்ப்பலகை வேண்டாம் என்று விட்டது சரியான முடிவு. பெயர் போட்டிருந்தால் நான்கு பேருக்கு மரியாதை செய்ததோடு முடிந்திருக்கும்.

ஒரே ஓவியம் என்றுதான் தொடங்கினார்கள். படம் நாடெங்கும் பரவியதும், ஊரில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. அந்த வட்டாரத்தின் உள்ளாட்சியான யாரியம்பியாக் ஷயர், மாநில, மத்திய அரசுகளின் உதவியோடு பக்கத்து ஊர்களின் குதிர்களையும் ஓவியர்களிடம் ஒப்படைத்தது. ரூபன்யப், ஷீப் ஹில்ஸ், பிரிம், ரோஸ்பெரி, லாசெல்ஸ், பேட்சிவாலக் என்று ஆறு ஊர்களைக் கோத்து, 2017 முடிவதற்குள் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை உருவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் குதிரில் வரைவது இங்கே தொடங்கியதல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்தமில் 2015-லேயே ஃபிளெகம், ஹென்ஸ் என்ற இரு வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளூர் மனிதர்களையே வரைந்து, அவற்றை ஒரு பயணப் பாதையாகக் கோத்த பெருமை இந்தச் சமவெளிக்குத்தான். இன்று நாடு முழுவதும் வண்ணம் பூசிய குதிர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டன.

இந்தப் பாதையைக் காரில் ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டியை நிறுத்தி, நான்கு படம் எடுத்து, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் மெல்பர்னில் கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்ததற்குக் காரணமே, அப்படிப் போகக் கூடாது என்பதுதான்.

வேன் தரும் சுதந்திரம்

படுக்கை, காஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி. இவ்வளவுதான் வேன். நம்மைப் போலவே இடதுபுறம் ஓட்டும் நாடு என்பதால் பழகுவது சுலபம். ரூபன்யப் வரைக்கும் மெல்பர்னிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பல்லாரட் நகரைத் தாண்டியதும் மலைகள் ஒதுங்கி, நிலம் தட்டையாகிறது. அதன் பிறகு அடுத்த ஊர் வருவதை முதலில் சொல்வது குதிர்தான். வெகு தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. ஆகவே மாலை மயங்குவதற்குள் ஏதாவது ஓர் ஊரில் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இது தடை போலத் தோன்றும். உண்மையில் பயணத்துக்குக் கிடைத்த வரம். ஹோட்டல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிற பயணிக்கு ஊர் தெரியாது. வேனில் வருபவர் ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார், ஊர்ப் பொதுக் குளியலறையில் குளிக்கிறார், ரொட்டி எங்கே கிடைக்கும் என்று யாரையாவது கேட்டே ஆகவேண்டும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

பிரிமில் யாரியம்பியாக் ஓடைக்கரையில், ஊர் விளையாட்டுத் திடலை ஒட்டி முகாம் இடம் இருக்கிறது. காவலாள் இல்லை, ரசீது இல்லை. ஓர் உண்டியல் மட்டும் உண்டு. மின்சாரமும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு, மனசாட்சிப்படி பணம் போட்டுவிட்டுப் போகலாம். நாங்கள் போனபோது பணி ஓய்வு பெற்ற தம்பதிகளின் வேன்கள் வரிசையாக நின்றன. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றும் இவர்களை அங்கே ‘கிரே நோமட்ஸ்’ என்கிறார்கள். இந்தக் குதிர் ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் வரும்படி தருவது பெரும்பாலும் இவர்கள்தான்.

சாயங்காலம் பழைய பிக்கப் வண்டியில் ஒரு பெரியவர் வந்தார். கழிப்பறைகளைப் பார்த்தார், வெந்நீர்க் குழாயைத் திருகிப் பார்த்தார், உண்டியலைத் திறந்தார். “இந்தப் பணத்துல என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “நீங்க இன்னைக்குக் குளிச்ச வெந்நீர், போன வருஷம் வந்தவங்க போட்ட பணம்” என்றார். வேறெந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

பேட்சிவாலக்கின் உயரமான மனிதர்

பாதையின் வடக்குக் கோடியில் பேட்சிவாலக். மாலீ என்ற குட்டை யூகலிப்டஸ் மரக்காடும் வயலும் சந்திக்கிற இடம். செம்மண் பூமி. இங்கே 1939-இல் கட்டிய இரட்டைக் குதிர்களை வரைய 2016-இல் ஓவியர் ஃபின்டன் மகீ வந்தார். அவர் முதலில் செய்தது, ஊர் மதுவிடுதியில் அறை எடுத்துத் தங்கியதுதான். கிராமத்து மதுவிடுதி அங்கே சாப்பாட்டுக் கடை, ஊர்ப் பேச்சு, பஞ்சாயத்து எல்லாம் சேர்ந்த இடம். அங்கே உட்கார்ந்து ஊராரோடு பேசிப் பழகி, உள்ளூர் விவசாயி ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். ஆடும் தானியமும் வளர்க்கும் மனிதர். தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அவர் நெட்டையாக, ஒல்லியாக இருந்தது. குறுகிய, 35 மீட்டர் உயரச் சுவருக்கு அவர் உடல்வாகு கச்சிதமாகப் பொருந்தியது.

இந்த ஓவியத்தின் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். நீலக் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை. வெயிலில் வெளுத்த தலைமுடி. கண்களை இடுக்கி எங்கோ தொலைவில் பார்க்கிறார். நூறு அடி தள்ளி நின்றால் சட்டையின் மடிப்பு தெரிகிறது. அவர் மூச்சு விடுவது போலக்கூட இருக்கிறது. கிட்டே போய்ச் சுவரைத் தொடும் தூரத்தில் நின்றால் மனிதர் மறைந்துவிடுகிறார். உருளையாக வளைந்து ஓடும் கான்கிரீட்டில் ஸ்ப்ரே பெயின்டின் புகை போன்ற விளிம்புகள், வார்த்த காலத்துத் தடங்கள், நீலப் பட்டைகள். அவ்வளவுதான். தட்டைச் சுவரில் வரைவதைவிட இது பல மடங்கு கடினம். வளைந்த பரப்பில் முகம் பக்கவாட்டில் ஓடிவிடும். தூக்கு இயந்திரத்தின் கூடையில் நிற்கும் ஓவியருக்குத் தன் கண்முன் இருக்கும் நாலடி நிறம் மட்டுமே தெரியும். காற்று பலமாக அடித்தால் வேலையை நிறுத்தி இறங்க வேண்டும். தரையில் நின்று சரிபார்த்து, மீண்டும் ஏறி, மீண்டும் இறங்கித்தான் இந்தக் கண்கள் கண்களாகியிருக்கின்றன.

“அவரைப் பார்க்க முடியுமா?” என்று விடுதியில் கேட்டோம். கவுன்டரில் நின்ற அம்மா ஜன்னலைக் காட்டி, “விதைப்பு நேரம். மழை வர்றதுக்குள்ள முடிக்கணும். இருட்டுற வரைக்கும் டிராக்டர்ல இருப்பார்” என்றார். சுவரில் நிற்பவரின் பிழைப்பும் மழையை நம்பித்தான் இருக்கிறது என்பதை அந்தப் பதில் சொல்லிவிட்டது. தேடிப்போய்த் தொந்தரவு செய்யவில்லை.

தெற்கே திரும்பினால் லாசெல்ஸ். ரோன் என்ற மெல்பர்ன் ஓவியர், நகரச் சுவர்களில் அழகிய இளம்பெண்களின் முகங்களை வரைந்து பெயர் பெற்றவர். இங்கே வந்து, நான்கு தலைமுறையாக அதே மண்ணில் விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த வயதான தம்பதியை வரைந்தார். ஆளுக்கொரு குதிர். பெயின்டில் தண்ணீர் கலந்து மெலிதாக்கிப் பூசியிருக்கிறார். எனவே கான்கிரீட்டின் நிறமே அவர்கள் தோலின் நிறமாகிவிட்டது. சுவரில் பூசினார் என்று சொல்ல மனம் வரவில்லை. சுவருக்குள் இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஆறு ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கழுத்துச் சுருக்கத்தைக் கூட மறைக்கவில்லை. முதுமையை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு மரியாதையாக வரைந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ரோனுக்கு உதவியாக லாசெல்ஸுக்கு வந்த காஃபீன் என்ற பெண் ஓவியர், பிறகு ரோஸ்பெரியில் தனியாக வரைந்தார். ஒரு பக்கம் ஆடு வளர்க்கும் இளம் பெண் விவசாயி, மறுபக்கம் தன் குதிரையோடு நெருங்கி நிற்கும் மனிதர். பெண் விவசாயியின் தோரணையே தனி. நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் என்ற பழைய எண்ணத்துக்கு அவள் பதில்.

பருப்பு விளையும் ஊர்

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஊர் ரூபன்யப். இங்கே இருப்பவை கான்கிரீட் அல்ல, உருக்குக் குதிர்கள். ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா 2017-இல், உள்ளூர் விளையாட்டு அணிகளின் உடையில் ஓர் இளைஞனையும் ஓர் இளம்பெண்ணையும் கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார். அவன் ஃபுட்பால், அவள் நெட்பால். சனிக்கிழமை ஆட்டம் இருக்கிற வரைக்கும் ஊர் இருக்கிறது என்பது அங்கே நம்பிக்கை. இளைஞர்கள் நகரத்துக்குப் போய் அணி சேராமல் போனால், அடுத்து மூடப்போவது பள்ளிக்கூடம்.

ஓவியத்தின் எதிரே வேன் கதவைத் திறந்து வைத்து, காலைச் சமையலாக உப்புமா கிளறிக்கொண்டிருந்தோம். தாளித்த வாசனைக்கு நின்றவர் ஒரு விவசாயி. எந்த ஊர் என்றார். தமிழ்நாடு, தென்னிந்தியா என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி கிரிக்கெட்டைப் பற்றியது அல்ல. “நீங்க என்ன பருப்பு சாப்பிடுவீங்க?”

விம்மெராவில் மசூர் பருப்பும் கொண்டைக்கடலையும் முக்கியப் பயிர்கள். இங்கே விளையும் சிவப்பு மசூர், நம்மூர்க் கடைகளில் மைசூர் பருப்பு என்று விற்பது, இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இலங்கைக்கும் கப்பலேறுகிறது. எங்கள் சாம்பாருக்குத் துவரைதான், ஆனால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சோற்றுக்குப் பருப்புக் கறி என்றால் உங்கள் பருப்புதான் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் இறுகியது. 2017 டிசம்பரில் இந்தியா இந்த இரண்டு பயறுக்கும் திடீரென்று 30 சதவீத இறக்குமதி வரி விதித்தது. கொண்டைக்கடலைக்கு அடுத்த சில மாதங்களிலேயே அது 60 சதவீதமானது. “அறுவடை பண்ணி முடிக்கிற நேரத்துல வந்த சேதி. உங்க விவசாயிக்கு விலை கிடைக்கணும்னு உங்க அரசாங்கம் செய்யுது. அது எனக்குப் புரியுது. ஆனா அந்த வருஷம் இங்க யாரும் புது வண்டி வாங்கலை” என்றார்.

டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து, இங்கே தண்டவாள ஓரத்து ஊரில் ஒரு குடும்பத்தின் வருடத்தைத் தீர்மானிக்கிறது. சுவரில் இருப்பவர்களும் நாமும் ஒரே தட்டின் இரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது. அந்த விவசாயி வேனில் ஒரு கிண்ணம் உப்புமாவும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு, காரம் தாங்காமல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இந்தக் குதிர்கள் ஏன் காலியாயின என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் கோதுமை சாக்குமூட்டைகளில் ரயிலேறியது. 1934-இல் விக்டோரியா அரசு தானியக் குதிர் வாரியம் அமைத்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் ரயில்பாதை நெடுகிலும், குதிரை வண்டியும் சின்ன லாரியும் வந்துபோகக்கூடிய தூரத்துக்கு ஒன்றாகக் குதிர்கள் எழுந்தன. இப்போது ராட்சத லாரிகள் நூறு கிலோமீட்டரை அலட்சியமாகக் கடந்து பெரிய சேமிப்பு மையங்களுக்கே போய்விடுகின்றன. பண்ணையிலேயே உருக்குக் குதிர் வைத்திருப்பவர்களும் அதிகம். சின்ன ஊரின் குதிருக்கு வேலை போயிற்று. குதிருக்கு வேலை போனதும் ஊருக்கும் வேலை குறைந்தது.

நிலத்தின் மூத்த மக்கள்

விவசாயிகளின் முகங்களை மட்டுமே வரைந்திருந்தால் இந்தப் பாதை பாதி உண்மையோடு நின்றிருக்கும். கோதுமை வருவதற்கு முன்பு இது யாருடைய நிலம் என்ற கேள்விக்கு ஷீப் ஹில்ஸ் பதில் சொல்கிறது. 1938-இல் கட்டிய குதிர்களில், பழங்குடி மக்களின் முகங்களை வரைவதற்கென்றே அறியப்பட்ட ஓவியர் அட்நேட், அந்தச் சமூகத்தோடு நான்கு வாரம் செலவிட்டு, 2016 டிசம்பரில் முடித்த ஓவியம் இது. இரு ஓரங்களில் ஒரு மூத்தவரும் ஒரு மூதாட்டியும், நடுவில் இரண்டு குழந்தைகள், பின்னால் விண்மீன்கள் நிறைந்த இரவு வானம். மற்ற ஊர்களில் வண்ணம் அடங்கியிருக்க, இங்கே நீலமும் ஆரஞ்சும் எரிகின்றன. இந்த விம்மெரா நிலத்தின் வோட்ஜோபாலுக் உள்ளிட்ட மக்களுக்கு 2005 டிசம்பரில் நீதிமன்றம் பூர்வீக நில உரிமையை அங்கீகரித்தது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் அப்படிக் கிடைத்த முதல் தீர்ப்பு அது. குழந்தைகளின் முகத்தில் இருக்கும் நிமிர்வுக்கு அந்த வரலாறும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இதன் தொடர்ச்சியாக ஹார்ஷம் நகருக்கும் போயாக வேண்டும். 2022-இல் ஸ்மக் என்ற ஓவியர் அங்கே வரைந்திருப்பது யாங்கென்ஜினான்யுக் என்ற வோட்ஜோபாலுக் மனிதரை. வெள்ளையர்கள் அவரை ‘டிக் எ டிக்’ என்று அழைத்தார்கள். 1864-இல் காட்டில் வழிதவறிய மூன்று குழந்தைகளை ஒன்பது நாளுக்குப் பிறகு காலடித் தடம் பார்த்துக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். நான்கே ஆண்டுகளில், 1868-இல், இங்கிலாந்து சென்ற முதல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியில் இடம்பிடித்தார். அந்த அணியின் ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய அனைவரும் பழங்குடியினர். 47 ஆட்டங்கள், 14 வெற்றி, 14 தோல்வி, மற்றவை சமன். ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர்கள் தன்மேல் வீசும் பந்துகளைக் குறுகிய கேடயத்தாலும் தடியாலும் தடுத்துக் காட்டுவது அவருடைய வித்தை. டெஸ்ட் கிரிக்கெட் பிறந்தது 1877-இல்தான். கிரிக்கெட்டில் ஊறிய நம் ஊரில் இந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிப் புத்தகமும் ஸ்டேடியமும் சொல்லாமல் விட்டதை ஒரு குதிர் சொல்கிறது.

கிழக்கே நல்லவில் என்ற ஊரிலும் ஸ்மக்கின் கைவண்ணம் உண்டு. கட்டம் போட்ட சட்டை விவசாயி, பக்கத்தில் அவர் கெல்பி நாய். நாயின் ரோமத்தை எண்ணிவிடலாம் போல இருக்கும். சீ லேக்கில் 2019-இல் ட்ராப்ல், ஸூகீப்பர் இருவரும் வரைந்த சிறுமி ஊஞ்சலில் உட்கார்ந்து டிரெல் ஏரியைப் பார்க்கிறாள். மாநிலத்தின் மிகப் பெரிய உப்பு ஏரி அது. அதன் கரையில் வாழ்ந்த பூரோங் மக்களின் விண்மீன் அறிவு 1857-லேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. காற்றில்லாத இரவில், ஏரியில் மெல்லிய நீர் நிற்கும்போது, மேலும் கீழும் விண்மீன்கள். இதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுதினால் மிகையாகிவிடும்.

ஓவியம் ஊரைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுவரில் பெயின்ட் அடித்ததால் மழை பெய்துவிடாது, மூடிய வங்கிக் கிளை திறக்காது, பருப்பு விலை ஏறாது. மருத்துவருக்கும் பள்ளிக்கும் செலவழிக்க வேண்டிய இடத்தில் ஓவியத்துக்குச் செலவா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓவியத்தைக் காட்டி மற்றதை மறக்கச் செய்யும் அரசியலுக்கு எந்த ஊரும் இடம் கொடுக்கக் கூடாது.

ஆனால் பணத்தால் மட்டும் அளக்க முடியாத ஒன்று இங்கே நடந்திருக்கிறது. நகரத்துச் சுவர்களில் நாம் பார்க்கிற பிரம்மாண்ட முகங்கள் யாருடையவை? தலைவர்கள், நடிகர்கள், எதையோ விற்கும் விளம்பர அழகிகள். இங்கே முப்பது மீட்டர் உயரத்தில் நிற்பவர் நாளைக்குக் காலையில் டீசல் போட வருவார். ஓவியர்கள் பறந்து வந்து, தங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகவில்லை. தங்கினார்கள், பேசினார்கள், யாரை வரைவது என்பதை அந்த ஊருக்குள்ளிருந்தே கண்டெடுத்தார்கள். இந்தப் பாதையில் எந்த ஓவியமும் எந்த ஊரிலும் இருக்கலாம் என்ற மாதிரி இல்லாததற்குக் காரணம் அதுதான். பெயின்டைவிட அந்த நாட்களே விலை உயர்ந்தவை.

அப்படியென்றால் பார்க்க வருகிறவருக்கும் அதே கடமை இருக்கிறது. ஐந்து நிமிடம் நின்று படம் எடுத்துப் போகிறவரால் ஊருக்கு மிஞ்சுவது புழுதி மட்டும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல பருவம்; செப்டம்பரில் கனோலா பூத்து வயல்கள் மஞ்சளாகும். ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும், தீத்தடை நாட்களில் வெளியே நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. நவம்பர், டிசம்பர் அறுவடைக் காலத்தில் தானிய லாரிகளுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள். சில வாடகை நிறுவனங்களின் காப்பீடு மண் சாலைக்குச் செல்லாது, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படம் எடுப்பதற்காகத் தண்டவாளத்திலோ வயலிலோ இறங்காதீர்கள். செருப்பில் ஒட்டும் களைவிதை ஒரு விவசாயிக்குப் பல ஆண்டுத் தலைவலி. மெல்பர்னிலேயே மளிகையை எல்லாம் நிரப்பிக்கொண்டு போகாமல், ரொட்டியையும் முட்டையையும் டீசலையும் அந்தந்த ஊரில் வாங்குங்கள். ஒவ்வொரு ஊரிலும் முடியாவிட்டாலும், ஏதாவது ஓர் ஊரில் ஓர் இரவாவது தங்குங்கள். புறப்படும்போது உண்டியலில் பணம் போட மறக்காதீர்கள். அடுத்து வருகிறவருக்கு வெந்நீர் வேண்டும்.